ஊர்க் காற்றை அளப்பது எப்படி, யாரிடம் கேட்பது: நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

2025 தொடக்கத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றி வந்தது. நாட்டிலேயே சுத்தமான காற்று திருநெல்வேலியில்தானாம். எங்கள் குடும்பக் குழுவில் மட்டும் நாலு பேர் அனுப்பினார்கள். சந்தோஷம்தான். அதே வருஷம் ஆடியில் நான் கொண்டுபோன வாழை இலைக் கட்டைச் சந்தையில் ஏவாரி பிரித்தார், நடு நரம்போரமாக விரலால் ஒரு இழுப்பு இழுத்தார், விரலைத் திருப்பி என்னிடம் காட்டினார். சாம்பல் பூசியது போல இருந்தது. "இத எந்த ஓட்டல்காரன் வாங்குவான் அண்ணாச்சி?" என்றார். அன்று கட்டுக்குப் பாதி விலை.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கும் களக்காட்டுக்கும் நடுவில் இருக்கிறது. மேற்கே ஒரு கிலோமீட்டருக்குள் கல் கிரஷர். ஆனியும் ஆடியும் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, அடிக்கிற மாசங்கள், எனவே அந்தத் தூசி நேராக எங்கள் தோட்டத்துக்குத்தான். செய்தியில் வந்த எண்ணும் பொய்யில்லை, ஏவாரியின் விரலும் பொய்யில்லை. எண் சொன்னது நகரத்துக் கருவி ஒன்றைப் பற்றி. அந்தக் கருவிக்கும் என் தோட்டத்துக்கும் எத்தனையோ கிலோமீட்டர்.

இந்த வித்தியாசம் புரியாமல் நான் எழுதிய முதல் மனு வீணாய்ப் போனது. "தூசித் தொல்லை தாங்க முடியவில்லை, தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று ஒரு பக்கம் எழுதினேன். மூன்று மாசம் கழித்து ஒரு அலுவலகத்திலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: காற்றின் தரம் நிர்ணயிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளது. எந்த வரம்பு, எந்த இடத்தில், எந்தத் தேதியில் அளந்தது? பதிலில் அது இல்லை. என் மனுவிலும் அந்தக் கேள்வி இல்லை. அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். படித்ததையும் பட்டதையும் வரிசையாகக் கீழே தருகிறேன்.

படி 1: சட்டம் எது, திட்டம் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

காற்றுக்கான அடிப்படைச் சட்டம் 1981ஆம் வருஷத்துக் காற்று மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். அதற்கு மேல் 1986ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அளவுகளை வகுப்பது டெல்லியில் உள்ள மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சுற்றுச்சூழல் அமைச்சகமும். நம் பக்கம் வந்து அளப்பதும், ஆலைக்கு இசைவாணை, அதாவது இயங்குவதற்கான அனுமதி, கொடுப்பதும், மூடச் சொல்வதும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அதன் மாவட்ட முகம் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். மனுவின் 'பெறுநர்' இடத்தில் எழுத வேண்டிய பதவி இது. தாசில்தாருக்கு மட்டும் எழுதினால் அது சுற்றிச் சுற்றி இங்கேதான் வரும், இரண்டு மாசம் தாமதமாக.

தேசியத் தூய காற்றுத் திட்டம் என்று பத்திரிகையில் பார்க்கிறோமே, அது வேறு. அது பணமும் இலக்கும் சேர்ந்த திட்டம், சட்டம் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

படி 2: எண்களைப் பழகிக்கொள்ளுங்கள்

2009 நவம்பரில் தேசியச் சுற்றுப்புறக் காற்றுத் தர அளவுகள் அறிவிக்கப்பட்டன. மொத்தம் 12 பொருள்களுக்கு வரம்பு உண்டு: கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, இரண்டு வகை நுண்தூசி, ஓசோன், ஈயம், கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, பென்சீன், பென்சோபைரீன், ஆர்செனிக், நிக்கல். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். கிராமத்துக்காரருக்கு இரண்டு போதும்.

ஒன்று பி.எம். 10, அதாவது 10 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள தூசி. தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கனமீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. வருஷச் சராசரி 60ஐத் தாண்டக் கூடாது. இரண்டாவது பி.எம். 2.5. இதற்கு 24 மணி நேரத்துக்கு 60, வருஷத்துக்கு 40. கிரஷர், குவாரி, லாரி மண் எல்லாம் பெரும்பாலும் முதல் வகை. குப்பை எரியும் புகை, டீசல் புகை, விறகடுப்பு இவை இரண்டாம் வகையில் அதிகம். நுரையீரலின் அடி வரை போவது இரண்டாவது.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு இதைவிட ரொம்பக் கடுமை: பி.எம். 2.5க்கு வருஷச் சராசரி வெறும் 5. நம் நாட்டு வரம்பு அதற்கு எட்டு மடங்கு. ஆக, 'வரம்புக்குள் உள்ளது' என்ற பதில் வந்தால் 'கெடுதல் இல்லை' என்று அதற்கு அர்த்தம் கிடையாது. ஆனாலும் மனுவில் உலக அளவை இழுக்காதீர்கள். அலுவலகத்தைக் கட்டுப்படுத்துவது நம் நாட்டு அறிவிக்கை மட்டும்தான்.

அறிவிக்கையின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு விதி இருக்கிறது. யாரும் படிப்பதில்லை. வருஷச் சராசரி என்று சொல்ல வேண்டுமானால், ஒரே இடத்தில் வாரத்துக்கு இரண்டு முறை வீதம் வருஷத்தில் குறைந்தது 104 முறை அளந்திருக்க வேண்டும். 24 மணி நேர வரம்போ, வருஷத்தில் 98 சதவீத நேரம் காக்கப்பட வேண்டும். மீதி 2 சதவீதம், அதாவது ஏறக்குறைய 7 நாள், தாண்டலாம். ஆனால் அளக்கிற நாள்களில் அடுத்தடுத்து இரண்டு நாள் தாண்டக் கூடாது. ஒரே ஒரு நாள் வந்து அளந்துவிட்டுப் போனவர்கள் 'வருஷ வரம்புக்குள்' என்று எழுதியிருந்தால் இந்த வரியைக் காட்டுங்கள்.

படி 3: போனில் தெரியும் குறியீட்டை வாசிக்கப் பழகுங்கள்

மத்திய வாரியத்தின் 'சமீர்' செயலியில் காற்றுத் தரக் குறியீடு வரும். 0 முதல் 500 வரை ஆறு படிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். 50 வரை நல்லது, 100 வரை திருப்தி, 200 வரை மிதம், 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை. எட்டுப் பொருள்களை அளந்து, எது ரொம்ப மோசமோ அதன் எண்ணையே மொத்த எண்ணாகக் காட்டுவார்கள். சராசரி எடுப்பதில்லை.

எனக்கு ரொம்பப் பயன்பட்ட ஒரு சூட்சுமம் இருக்கிறது. குறியீடு 100 என்றால் பொருளின் அளவு சரியாக நாட்டு வரம்பைத் தொட்டுவிட்டது என்று பொருள். பி.எம். 10 காற்றில் 100 இருந்தால் குறியீடும் 100. பி.எம். 2.5 காற்றில் 60 இருந்தால் குறியீடு 100. அப்படியானால் 101 முதல் 200 வரை என்னவாகிறது? வரம்பு மீறல். செயலி அதற்கு வைத்த பெயர் 'மிதம்'. இந்தப் பெயரை வைத்தவருக்கு நல்ல மனசு. 250 மைக்ரோகிராம் பி.எம். 10, வரம்பைப் போல இரண்டரை மடங்கு, அதுவரைக்கும் மிதம்தான்! மஞ்சள் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இன்னொன்று, கருவி எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அம்பாசமுத்திரத்திலோ, வள்ளியூரிலோ, ஆலங்குளத்திலோ உட்கார்ந்துகொண்டு நகரத்துக் கருவியைப் பார்ப்பது, பாளையங்கோட்டையில் மழை பெய்ததா என்று பார்த்துவிட்டு ஊரில் வயலுக்குத் தண்ணீர் விடாமல் இருப்பது மாதிரி.

படி 4: தூசி எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதற்குரிய விதியைப் பிடியுங்கள்

சுற்றுப்புறக் காற்றுக்கு ஒரு வரம்பு, தொழிலுக்குத் தனி வரம்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மனு அங்கேயே விழும். நான் விழுந்ததும் இங்கேதான்.

கல் கிரஷருக்கு உள்ள விதி: எந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டர் தூரத்தில் அளக்கும்போது, காற்றில் மிதக்கும் மொத்தத் தூசி கனமீட்டருக்கு 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அதோடு தூசியை அடக்கும் ஏற்பாடு, காற்றைத் தடுக்கும் சுவர், வளாகத்துக்குள் கல் பாவிய அல்லது தார் போட்ட பாதை, தரையைக் கூட்டி நனைப்பது, சுற்றிலும் மரவேலி இவ்வளவும் இருக்க வேண்டும். கிரஷரின் ஆய்வறிக்கையில் 480 என்று இருந்தால் அவர்கள் விதிப்படி சரி. ஆனால் உங்கள் வாசலில் 600 கணக்கு செல்லாது, அங்கே பி.எம். 10க்கு 100 என்ற கணக்குத்தான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, 'கிரஷரில் எவ்வளவு?' என்பதோடு சேர்த்து 'குடியிருப்பில் எவ்வளவு?' என்பதும்.

கல் குவாரிக்கு வேறு வழி. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் வெட்டக் குத்தகை தரக் கூடாது. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற குவாரி, நிபந்தனைகளைப் பின்பற்றினோம் என்று ஆறு மாசத்துக்கு ஒருமுறை, ஜூன் 1க்கும் டிசம்பர் 1க்கும், அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையை வாங்கிப் படியுங்கள். 'தினமும் தண்ணீர் தெளிக்கப்படுகிறது' என்று எழுதியிருக்கும். தெளிக்கும் லாரியை ஊரில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

செங்கல் சூளைக்கு 2022 பிப்ரவரியில் புது விதி வந்தது. புகைபோக்கியில் துகள் அளவு கனமீட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள். புதிய சூளை குடியிருப்பிலிருந்தும் பழத்தோட்டத்திலிருந்தும் குறைந்தது 800 மீட்டர் தள்ளி. இங்கே மில்லிகிராம், முன்னால் சொன்னது மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். புகைபோக்கிக்குள் அளப்பதும் காற்றில் அளப்பதும் வேறு வேறு என்பதால் இப்படி. அனல்மின் நிலையங்களுக்கு 2015 டிசம்பரில் கந்தகம், நைட்ரஜன் வரம்புகள் வந்தன. கெடு பல முறை தள்ளிப்போனது.

குப்பை எரிப்பது. இது நம் ஊர்களில் கிரஷரைவிடப் பெரிய தொல்லை, ஆனால் நாமே செய்வதால் மனு எழுதுவதில்லை. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. மார்கழி காலையில் காற்று அசையாமல் கிடக்கும்போது தெருமுனையில் பிளாஸ்டிக்கோடு ஒரு குவியல் எரிந்தால், அந்தப் புகை ஓட்டு உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதைக் கடந்துதான் போகும். ஆடியில் இதே குவியலைக் கொளுத்தினால் ஐந்து நிமிஷத்தில் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால்தான் மாசமும் நேரமும் முக்கியம்.

வண்டிப் புகைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகள்தான் புதிதாகப் பதிவாகும். எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புகைச் சான்று இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம்.

படி 5: திட்டத்தில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று பாருங்கள்

தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019 ஜனவரியில் தொடங்கியது. 2017ஐ அடிப்படையாக வைத்து 2024க்குள் நுண்தூசியை 20 முதல் 30 சதவீதம் குறைப்பது முதல் இலக்கு. பிறகு 2025-26க்குள் 40 சதவீதம், இல்லாவிட்டால் நாட்டு வரம்பை எட்டுவது என்று மாற்றினார்கள். மொத்தம் சுமார் 130 நகரங்கள். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி என்று நாலே நாலு. திருநெல்வேலி இல்லை, தென்காசியும் இல்லை.

1986இல் பிரிந்துபோகும் வரை தூத்துக்குடியும் நம் நெல்லை மாவட்டம்தான். அங்கே துறைமுகம், அனல்மின் நிலையங்கள், உப்பளத்து ஓரமாக ஓடும் லாரிகள் எல்லாம் சேர்ந்து கிடக்கின்றன. தூத்துக்குடிப் பக்கம் உள்ளவர்கள் மாநகராட்சியிடம் நேராகக் கேட்கலாம்: திட்டப் பணத்தில் எந்தச் சாலைக்கு நடைபாதைக் கல் பாவினீர்கள், எத்தனை சாலை கூட்டும் எந்திரம் வாங்கினீர்கள், இந்த வருஷம் பி.எம். 10 எவ்வளவு குறைந்தது? இந்தத் திட்டத்தில் மதிப்பெண் போடுவது பெரும்பாலும் பி.எம். 10ஐ வைத்து. எனவே சாலைத் தூசிக்குத் தண்ணீர் தெளிப்பதற்குக் கிடைக்கும் கவனம் புகைக்குக் கிடைப்பதில்லை. இது என் அபிப்பிராயம் மட்டுமல்ல, படித்த பலரும் சொல்லும் குறைதான்.

பட்டியலில் இல்லாத நமக்குத் திட்டப் பணம் வராது. ஆனால் 2009 அளவுகள் நாடு முழுமைக்கும் பொது, வாழைத்தோட்டத்துக்கு நடுவில் உள்ள பத்து வீட்டுக்கும் சேர்த்து. 'உங்க ஊர் திட்டத்தில் இல்லையே' என்று யாராவது சொன்னால், நான் கேட்பது திட்டம் இல்லை, சட்டம் என்று சொல்லுங்கள்.

படி 6: ஒரு நோட்டு போடுங்கள்

முப்பது ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும் எழுதுகிற நோட்டு போதும். நான் செய்தது இது. மாடியில், மரநிழல் படாத இடத்தில், காலையில் துடைத்த எவர்சில்வர் தட்டு ஒன்றை வைப்பேன். மறுநாள் அதே நேரத்துக்குப் போய் விரலால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் அன்றைய செய்தித்தாளின் தேதி தெரிகிற மாதிரி போனில் படம் எடுப்பேன். நோட்டில் தேதி, காற்று எந்தப் பக்கமிருந்து, கிரஷர் ஓடியதா, எத்தனை டாரஸ் லாரி, அதில் எத்தனைக்குத் தார்ப்பாய் இல்லை, மழை உண்டா என்று எழுதுவேன். தட்டு சட்டப்படி சாட்சி ஆகாது. ஆனால் நாற்பது நாள் எழுதிய பிறகு ஒன்று பளிச்சென்று தெரிந்தது: தூசி கூடியது லாரி கூடிய நாளில், கிரஷர் கூடுதலாக ஓடிய நாளில் அல்ல. அதுவரை நான் கிரஷரை மட்டும்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பாதி வில்லன் ஊர் நடுவே போகும் மண் ரோடு.

சின்னக் கருவி சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்கிறார்கள். புகைக்கு வாங்கலாம். ஒளியை வைத்து எண்ணும் அந்தக் கருவிகள் பி.எம். 2.5ஐ ஓரளவு காட்டும். பருமனான கல் தூசியைக் குறைத்தே காட்டும். ஈரக் காற்றில் கூட்டிக் காட்டும். கிரஷர் பிரச்சினைக்கு அதைக் கொண்டுபோனால் எதிர்த்தரப்புக்குச் சாதகமாகப் போய்விடும்.

சரியான முறை வேறு. மாதிரி எடுக்கும் எந்திரத்தில் எடை போட்ட வெள்ளை வடிதாளை வைத்து 24 மணி நேரம் காற்றை இழுக்க விட்டு, தாளை மறுபடி எடை போடுவார்கள். அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்கள் கட்டணத்துக்குச் செய்து தருவார்கள். ஊர்க்காரர் சேர்ந்து பணம் போட்டால் முடியும். எப்போது அளப்பது என்பதில் மட்டும் கவனம்: ஐப்பசி, கார்த்திகை மழையில் அளந்தால் எந்தக் கிரஷரும் புண்ணியவான் ஆகிவிடும்.

படி 7: காகிதங்களை வாங்குங்கள்

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம். 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. கேட்க வேண்டியவை: இசைவாணையின் நகல் நிபந்தனைகளோடு, கடைசி மூன்று ஆய்வறிக்கைகள், கடைசியாகக் குடியிருப்பில் காற்றை அளந்த தேதி, இடம், அன்றைய காற்றுத் திசை, கிரஷர் அன்று ஓடிக்கொண்டிருந்ததா. 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?' என்று கேட்காதீர்கள். ஏன் என்பது தகவல் இல்லை என்று சொல்லி மூடிவிடுவார்கள். நகல் தா, தேதி சொல், எண்ணிக்கை சொல் என்று மட்டும் கேளுங்கள்.

எனக்கு வந்த பதிலில் அளந்த தேதி கார்த்திகை மாசத்து நாள் ஒன்று. அதை வைத்துத்தான் இரண்டாவது மனு எழுந்தது.

படி 8: மனு

ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். எந்த இடம், எந்த மாசம், எந்தக் காற்று, எந்த நிபந்தனை மீறப்படுகிறது, கோருவது என்ன. என் இரண்டாவது மனுவில் இருந்த கோரிக்கைகள் இவைதான்: ஆனி, ஆடியில், கிரஷர் ஓடும் நாளில், ஊரின் மேற்குத் தெருவில் தொடர்ந்து 24 மணி நேரம் பி.எம். 10 அளக்க வேண்டும். இசைவாணையில் உள்ளபடி காற்றுத் தடுப்புச் சுவரும் தண்ணீர் தெளிப்பும் உள்ளனவா என்று பார்த்து அறிக்கை தர வேண்டும். லாரிகள் தார்ப்பாய் மூடிப் போக வேண்டும். நோட்டின் நகல் 12 பக்கம் இணைப்பு.

மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒன்று, திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் ஒன்று. அங்கே மனு எண் போட்ட சீட்டு தருவார்கள், தொலைக்காதீர்கள். கிராமசபையில் தீர்மானமாகவும் போடுங்கள். ஒரு ஆள் எழுதிய மனுவைவிட ஊர்த் தீர்மானத்துக்கு எடை கூடுதல். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள், வெற்றுப் பக்கத்தில் வேண்டாம். கிரஷரில் நம்ம ஊர்ப் பிள்ளைகளே வேலை பார்ப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 'மூடு' என்று கேட்டால் ஊர் இரண்டாகும். 'தண்ணீர் தெளி, சுவர் கட்டு, மூடிக்கொண்டு போ' என்று கேட்டபோது அந்தப் பிள்ளைகளே இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். தூசியை முதலில் தின்பது அவர்கள்தானே.

காற்றுச் சட்டத்தின் 31ஏ பிரிவில் ஆலையை நிறுத்தவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. 2023இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பல மீறல்களுக்குச் சிறைக்குப் பதில் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை தண்டத் தொகை. பெரிய முதலாளிக்கு அது வலிக்குமா என்பது வேறு கேள்வி.

படி 9: அப்படியும் நடக்காவிட்டால்

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வக்கீல் இல்லாமலும் மனு போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாசத்துக்குள் போக வேண்டும். இழப்பீடு கேட்பதானால் ஐந்து வருஷம். நோட்டும் தகவல் உரிமைப் பதில்களும் மனு சீட்டுகளும் தேதி வாரியாகக் கையில் இருந்தால் இங்கே பாதி வேலை முடிந்த மாதிரி.

எங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. கடைசியில் வந்து மேற்குத் தெருவில் எந்திரம் வைத்தார்கள். மறுநாள் காலையில் எடுத்த வடிதாளைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முந்தின நாள் வெள்ளையாகப் போனது, ஈயச் சட்டி நிறத்தில் வந்தது. இப்போது காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் டாங்கர் லாரி வந்து மண் ரோட்டை நனைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவதில்லை. டாரஸ் லாரிகள் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகின்றன. நோட்டில் ஞாயிறுக்கென்று தனிப் பக்கம் போட்டிருக்கிறேன்.